எவ்வளவு இறுக்கினால் இறுக்கம்?

திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் படகுகள் திரும்பி, மீன் இறங்கி, வியாபாரிகளின் வான்களும் போன பிறகு வேறொரு வேலை தொடங்கும். யாரோ ஒருவர் எஞ்சின் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருப்பார். போல்ட்டை முதலில் விரலால் சுழற்றுவார். விரல் நின்றுபோன இடத்தில் ஸ்பனரைப் போடுவார். கடைசியில் தோளைக் கொடுத்து ஓர் இழுப்பு. "காணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போவார்.

அந்தக் "காணும்" என்ற ஒரு சொல்லுக்குள் பல வருடப் பழக்கம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். புரி பழுதாகும் முன்பே கையை நிறுத்தத் தெரிவது எளிதில் வரும் வித்தை இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்தக் கைக்குத் தெரிவது என்ன? போல்ட் எவ்வளவு இறுகிவிட்டது என்பதா, அதைத் திருப்ப எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இயந்திர வேலையில் வரும் ஒழுக்குகளும் முறிவுகளும் பல இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பிறக்கின்றன.

முதலில் திருப்புவதைப் பார்ப்போம். கிணற்றடியில் துலா நின்ற காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. துலா மரத்தில் ஏறி மிதிப்பவர் அச்சுக்கு அருகே நின்றால் மரம் அசையாது. பின்னோக்கி நாலடி நடந்தால் அதே ஆள், அதே உடம்பு, பட்டை நிறையத் தண்ணீர் மேலே வரும். அவருடைய பாரம் கூடவில்லை. அச்சிலிருந்து அவர் நிற்கும் தூரம் கூடியது. விசையையும் அந்தத் தூரத்தையும் பெருக்கினால் வருவதைப் பாடசாலைப் புத்தகம் திருப்பம் என்கிறது. தண்டையோ திருகாணியையோ சுழற்றும்போது அதையே முறுக்கு என்கிறோம்; வேலைத்தலத்தில் டோர்க். அலகு நியூற்றன் மீற்றர்.

இனி ஒரு போல்ட்டைக் கையில் எடுப்போம். 16 மில்லிமீற்றர் தடிப்பு, தலையில் 8.8 என்று பொறித்தது. எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். அந்த 8.8 ஒரு தகவல்: இந்த உருக்கு ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 800 நியூற்றன் இழுவையில் அறும், அதில் பத்தில் எட்டுப் பங்கிலேயே, அதாவது 640இல், திரும்பி வராதபடி நீண்டுவிடும். இதைப் பாதுகாப்பாக இறுக்க வழக்கமாகச் சொல்லப்படும் இழுவை 70,000 நியூற்றனுக்குச் சற்று மேல். தொன்னில் சொன்னால் ஏழுக்கு மேல். உலர்ந்த, சுத்தமான புரியில் அந்த இழுவையைக் கொண்டுவர வேண்டிய முறுக்கு ஏறத்தாழ 226 நியூற்றன் மீற்றர். 40 சென்ரிமீற்றர் நீள ஸ்பனரின் நுனியில் 58 கிலோ ஆள் தன் முழுப் பாரத்தையும் போட்டால் அது வந்துவிடும்.

58 கிலோ ஆள், ஏழு தொன் பிடி. புரி என்பது தண்டைச் சுற்றி ஏறும் ஒரு மிக மெல்லிய சாய்தளம். அதன் வலிமை அதுதான். ஸ்பனரின் மேல் ஒரு நீளக் குழாயைச் செருகி இழுக்கும் பழக்கம் ஏன் ஆபத்து என்பதும் இங்கேயே விளங்கும். 1.2 மீற்றர் குழாய் போட்டால் அதே ஆள் மூன்று மடங்கு முறுக்குகிறார், அவர் கைக்கோ எந்த வித்தியாசமும் தெரியாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த 226இல் போல்ட்டை இழுத்து நீட்டுவதற்குப் போவது பத்திலொரு பங்கு மட்டுமே. ஏறக்குறையப் பாதியை நட்டின் அடிப்பரப்பு வாசரோடு உரசித் தின்றுவிடுகிறது. இன்னொரு நாற்பது சதவீதத்தைப் புரிகள் தமக்குள் உரசித் தீர்க்கின்றன. நம் கை உணர்வது பெரும்பாலும் உராய்வைத்தான். நமக்கு வேண்டியது மிஞ்சிய அந்தச் சிறு பங்கு.

உராய்வு எவ்வளவு பெரிய ஆள் என்பதைத் துறைமுகத்தில் நின்று பார்க்கலாம். கப்பலின் கயிற்றை மேடையிலுள்ள இரும்புக் கட்டையில் மூன்று சுற்றுச் சுற்றி ஒருவர் நுனியைப் பிடித்து நிற்பார். கயிற்றுக்கும் இரும்புக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், மூன்று சுற்றில் பிடி கிட்டத்தட்ட 285 மடங்காகிறது. பத்துக் கிலோ இழுப்பால் இரண்டே முக்கால் தொன்னைத் தடுத்து நிறுத்திவிடலாம். கப்பலைக் காக்கும் அதே உராய்வுதான் போல்ட்டில் நம்மை ஏமாற்றுகிறது.

திருகோணமலை இங்கே கணக்கின் உள்ளேயே வந்து உட்காருகிறது. எனக்கு இந்தப் பொருளில் பிடித்த இடமும் இதுதான். முறுக்கையும் இழுவையையும் இணைக்கும் எளிய சூத்திரத்தில் ஒரு குணகம் இருக்கிறது. உலர்ந்த புரிக்கு அது 0.2 என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடற்காற்றில் துரு ஏறிய புரிக்கு அது 0.3 ஆகலாம். நல்ல கிறீஸ் பூசினால் 0.14 அளவுக்கு இறங்கலாம். முறுக்கை அளந்து இறுக்கும் கருவியான டோர்க் ரெஞ்ச்சை 226இல் வைத்து மூன்று போல்ட்டையும் இறுக்குங்கள். மூன்றிலும் ஒரே "கிளிக்". உள்ளே நடப்பது வேறு: துருப்பிடித்ததில் ஐந்து தொன்னுக்கும் குறைவான பிடி, உலர்ந்ததில் ஏழு, கிறீஸ் பூசியதில் பத்துக்கு மேல், அதாவது உருக்கு நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லையில். ஒன்று தளர்ந்து கிடக்கிறது, ஒன்று சரி, ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதில் சொன்னது. ஆகவே உற்பத்தியாளரின் கைநூலில் ஓர் எண் இருந்தால், அது உலர்ந்த புரிக்கா, எண்ணெய் பூசிய புரிக்கா என்று பார்க்காமல் அதைப் பின்பற்றுவது அரைகுறை வேலை. உப்புக்காற்று வீசும் ஊரில் கம்பித் தூரிகையால் புரியைச் சுத்தம் செய்வது இறுக்குவதற்கு முந்திய வேலை இல்லை. அது அளவீட்டின் ஒரு பாகம்.

இதே ஊரின் சீனக்குடாவில் பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இப்போது 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அங்கே ஒரு குதம் அழிந்தது. எண்ணெய்க் குதம் என்றால் குழாய், குழாய் என்றால் பிளேஞ்ச். இரண்டு குழாய் முனைகளை நடுவே காஸ்கெட் வைத்து வட்டமாகப் போல்ட் போட்டு இணைக்கும் இடம் அது. 300 மில்லிமீற்றர் குழாயில் பத்து வளிமண்டல அழுத்தம் இருந்தால், இரு முனைகளையும் பிரிக்கப் பார்க்கும் விசை ஏழு தொன். அதைப் பன்னிரண்டு போல்ட் பங்கு போட்டுத் தாங்க வேண்டும். ஒரு போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால், முதலில் இறுக்கிய பக்கம் காஸ்கெட் நசுங்கி எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். அதனால்தான் கடிகாரத்தின் பன்னிரண்டுக்கு அடுத்து ஆறு, பிறகு மூன்று, பிறகு ஒன்பது என்று எதிரெதிராகப் போகிறார்கள். அதுவும் ஒரே மூச்சில் இல்லை: முதல் சுற்றில் மூன்றிலொரு பங்கு, அடுத்ததில் மூன்றில் இரண்டு, கடைசியில் முழு அளவு.

டோர்க் ரெஞ்ச்சே பிளேஞ்ச்சுக்காகப் பிறந்ததுதான். 1918இல் நியூயோர்க் நகர நீர் விநியோகப் பகுதியில் வேலை பார்த்த கொன்ராட் பார், குழாய்ப் பிளேஞ்ச்சுகளின் போல்ட்டுகள் அளவுக்கு மீறி இறுக்கப்படுவதைத் தடுக்க ஒரு வழி தேடினார். அவர் சந்தித்த சிக்கலும் திருக்கடலூர்க் கரையில் குனிந்திருப்பவரின் சிக்கலும் ஒன்றே.

சரி, கருவி எப்படி அளக்கிறது? விசையை யாரும் கண்ணால் கண்டதில்லை. விசை வளைத்ததை, நீட்டியதை, முறுக்கியதைத்தான் காண்கிறோம். பாடசாலை ஆய்வுகூடத்தில் நியூற்றன் தராசில் ஒரு கல்லைத் தொங்கவிட்டபோது முள் இறங்கியதே, அங்கே நாம் வாசித்தது ஒரு வில்லின் நீட்சியை. நீட்சி இழுவைக்கு நேர்விகிதம் என்று றொபேட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இல்லாமல் அந்த அளவுகோட்டில் ஓர் இலக்கத்தையும் எழுத முடியாது. பழைய வகை டோர்க் ரெஞ்ச்சில் நீண்ட உருக்குத் தண்டு வளையும். பக்கத்தில் வளையாமல் நிற்கும் ஊசி, தண்டு எவ்வளவு வளைந்தது என்று காட்டும். எளிமையான கருவி, பழுதாக அதில் அதிகம் ஒன்றுமில்லை. என்னிடம் கேட்டால் பயிற்சி பெறும் பிள்ளைகளின் கையில் முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான். இரும்பு வளைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே முறுக்கலாம். "கிளிக்" சொல்லும் வகையில் உள்ளே ஒரு வில் அமுக்கப்பட்டிருக்கிறது. குறித்த அளவு வந்ததும் உள்ளே உள்ள பூட்டு வழுகித் தட்டும்.

வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதானால்? துறைமுகத்துப் பாரந்தூக்கியின் கொக்கி பத்துத் தொன்னுக்கு எவ்வளவு நீளும்? இதற்கு விடை 1938இல் வந்தது. அமெரிக்காவின் இரு கரைகளில் இருவர், ஒருவரை ஒருவர் அறியாமல், அதே விடையைக் கண்டார்கள்: கலிபோர்னியாவில் எட்வர்ட் சிம்மன்ஸ், மசசூசெற்ஸில் ஆர்தர் ரூஜ். ரூஜ் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது, உயரத்தில் நிற்கும் தண்ணீர்த் தாங்கிகள் நிலநடுக்கத்தில் என்ன பாடுபடும் என்பதை. தாங்கியின் மாதிரி ஒன்றின் மெல்லிய சுவரில் மெல்லிய கம்பியை ஒட்டினார். சுவர் நீண்டால் கம்பியும் நீளும். நீண்டு மெலிந்த கம்பியின் மின்தடை கூடும். அவ்வளவுதான். உருக்கில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 200 நியூற்றன் விழுந்தால் அது ஆயிரத்திலொரு பங்கு நீளும். 120 ஓம் தடையுள்ள கம்பியில் மாற்றம் கால் ஓமுக்கும் குறைவு. அந்தத் துளியை, 1843இல் சார்ள்ஸ் வீற்ஸ்ரன் பரப்பிய நான்கு தடைகளின் பாலம் பிடித்துக் காட்டிவிடுகிறது. இன்று கடைக்காரரின் மின்தராசிலும், லொறியை நிறுக்கும் பாலத்திலும், பாரந்தூக்கியின் அறையில் தெரியும் இலக்கத்திலும், திரையுள்ள டோர்க் ரெஞ்ச்சிலும் உள்ளே ஒட்டியிருப்பது அந்தக் கம்பியின் வாரிசு.

போல்ட்டிலும் அதே பாதைதான் நேரானது. முறுக்கை விட்டுவிட்டு நீட்சியைப் பார்க்கலாம். நமது 16 மில்லிமீற்றர் போல்ட்டின் பிடிநீளம் 100 மில்லிமீற்றர் என்றால், ஏழு தொன்னில் அது 0.22 மில்லிமீற்றர் நீளும். ஒரு முனையிலிருந்து மீயொலியை அனுப்பி, மறுமுனையில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தை இறுக்குமுன்னும் பின்னும் ஒப்பிட்டால் அந்த நீட்சி தெரிந்துவிடும். உராய்வுக்கு அங்கே பேச்சே இல்லை. இவ்வளவு செலவில்லாத வழி, இணைப்பு ஒட்டி உட்கார்ந்த பின் நட்டைக் குறித்த கோணம் திருப்புவது. புரி ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஏறும் என்பது நிச்சயமானது. துரு அதை மாற்றாது. முறுக்கை மட்டும் நம்பினால் இழுவையில் இருபத்தைந்து, முப்பது சதவீதம் இப்படியோ அப்படியோ போகும் என்பதைப் பொறியியலாளர்கள் வழக்கமாகவே கணக்கில் வைக்கிறார்கள்.

சுழலும் தண்டுக்கு வருவோம். படகின் 15 குதிரைவலு எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடும்போது அதன் தண்டிலுள்ள முறுக்கு 21 நியூற்றன் மீற்றர் மட்டுமே. பல்லுச் சக்கரம் வேகத்தைப் பாதியாக்கினால் புரொப்பெல்லரில் அது இரட்டிக்கும். நம் போல்ட்டை இறுக்கிய கை கொடுத்தது இதைவிட ஐந்து மடங்கு. வித்தியாசம், கை ஒரு தரம் திருப்பியது, எஞ்சின் ஓயாமல் திருப்புகிறது. வலு என்பது முறுக்கும் வேகமும் சேர்ந்தது. புரொப்பெல்லர் கல்லில் அடித்தாலோ வலையில் சிக்கினாலோ முறுக்கு ஒரு கணத்தில் பல மடங்காகும். அப்போது பல்லுச் சக்கரத்தைக் காப்பாற்ற நடுவிலுள்ள றப்பர் புஷ் வழுகிக் கொடுக்கும். அதுவும் ஒரு வகை அளவுகோல். அது வழுகிவிட்டதென்று ஆணி அடித்து இறுக்கி வைப்பவர்கள் அடுத்த தரம் கியர்ப் பெட்டியையே இழக்கிறார்கள்.

பெரிய தண்டுகளில் முறுக்கை அளக்கும் தேவை நீராவிச் சுழலிகளோடு வந்தது. முன்னே சென்று பின்னே வரும் பிஸ்ரன் எஞ்சினில் உருளைக்குள் உள்ள அழுத்தத்தை வரைந்து வலுவைக் கணக்கிட்டார்கள். சுழலியில் அதற்கு வழியில்லை. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்டின் இரு முனைகளுக்கும் இடையே எத்தனை பாகை முறுக்கம் விழுகிறது என்று அளக்கத் தொடங்கினார்கள். 40 சென்ரிமீற்றர் தடிப்பும் பத்து மீற்றர் நீளமும் உள்ள உருக்குத் தண்டு, 20,000 குதிரைவலுவை நிமிடத்துக்கு 300 சுற்றில் கடத்தினால் ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேல் முறுகும். தண்டில் உள்ள முறுக்கு 4,75,000 நியூற்றன் மீற்றர். நம் போல்ட்டின் முறுக்கைப் போல இரண்டாயிரம் மடங்கு.

அந்த 20,000 குதிரைவலுவை நான் சும்மா எடுக்கவில்லை. பிரித்தானியப் போர்க்கப்பல் வேலியன்ட்டின் நான்கு தண்டுகளில் ஒவ்வொன்றும் அந்த அளவைக் கடத்தியது. 1944 ஓகஸ்ட் 8 அன்று அந்தக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தில் ஏஎஃப்டி 23 என்ற மிதக்கும் டொக்கில் ஏறி நின்றது. மிதக்கும் டொக் என்பது அடியில் பல நீர்த்தொட்டிகள் கொண்ட மிகப்பெரிய தெப்பம். தொட்டிகளில் தண்ணீரை விட்டு அதை அமிழ்த்தி, கப்பலை உள்ளே கொண்டுவந்து, பிறகு தண்ணீரை இறைத்து இறைத்துக் கப்பலோடு மேலே எழச் செய்வார்கள். முப்பதாயிரம் தொன்னைத் தாண்டிய கப்பல். குண்டுகளும் நிறைய இருந்தன. தொட்டிகளை இறைத்த முறை கப்பலின் பாரம் பரவியிருந்த விதத்தோடு பொருந்தவில்லை. முனைகள் அளவுக்கு மீறி உயர்த்தப்பட்டன. டொக்கின் முதுகு முறிந்தது.

இந்த நிகழ்வைப் படிக்கும்போதெல்லாம் பாரம் கட்டிய பலகையைத் தூக்கும் இருவர்தான் எனக்கு நினைவுக்கு வருவார்கள். மூட்டை நடுவில். இருவரும் ஆளுக்கொரு முனையில். இருவருக்கும் தூக்கப் பலம் போதும், ஆனால் பலகை நடுவில் ஒடியும். மேலே தள்ளும் விசையும் கீழே அழுத்தும் பாரமும் மொத்தத்தில் சமமாக இருக்கலாம். அவை எங்கே விழுகின்றன என்பதுதான் வளைக்கும் திருப்பத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு முனையில் தேவைக்கு மேல் ஆயிரம் தொன் தூக்கு, நடுவிலிருந்து நூறு மீற்றர் தள்ளி இருந்தால், அது ஒரு இலட்சம் தொன் மீற்றர். துலாவில் நாலடி நடந்ததே, அதே கணக்கு. இதனால்தான் டொக் இயக்குபவர்கள் தொட்டிகளின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. டொக்கின் நீளவாட்டில் முனைகளிலும் நடுவிலும் குறிகளை வைத்து, அது எத்தனை மில்லிமீற்றர் தொய்கிறது அல்லது குவிகிறது என்று இறைக்கும் நேரம் முழுவதும் வாசிக்கிறார்கள். இங்கும் அளக்கப்படுவது வளைவுதான்.

வேலியன்ட் மூழ்கவில்லை. ஆனால் உள்பக்க இரு தண்டுகளும் அவற்றைத் தாங்கிய கால்களும் சுக்கான்களும் பழுதாயின. மெல்லச் சுயஸ்வரை போன கப்பலின் அந்த இரு தண்டுகளையும், பீற்றர் கீபிள் என்ற மீட்பு அதிகாரியின் மேற்பார்வையில் தண்ணீருக்கு அடியிலேயே அறுத்து விழுத்த வேண்டியிருந்தது.

கருவி இருந்தால் போதாது, அது சொல்லும் எண் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். டோர்க் ரெஞ்ச்சைச் சரிபார்க்கும் முறை மிகப் பழையது: நீளம் துல்லியமாகத் தெரிந்த ஒரு கிடைக் கையின் நுனியில், நிறை தெரிந்த படிகளைத் தொங்கவிடுவது. துலா மறுபடியும் வந்துவிட்டது. இதில் அழகான ஒரு நுணுக்கம் உண்டு. பூமி நடுக்கோட்டுப் பக்கம் சற்றுப் புடைத்துச் சுழல்வதால் ஈர்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றில்லை. வடக்கே எட்டரைப் பாகையில் உள்ள திருகோணமலையில் ஒரு கிலோப் படி இழுக்கும் விசை இலண்டனில் இழுப்பதைவிட ஆயிரத்துக்கு மூன்று பங்கு குறைவு. நல்ல அளவீட்டு ஆய்வுகூடம் இதையும் கழித்துத்தான் கணக்கிடும்.

இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இயங்குகிறது. மீன் சந்தையில் தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் நம் மக்களிடம் இருக்கிறது. நூறு கிராம் குறைந்தால் சண்டைக்கே வருவோம், வர வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகள் ஏறும் பஸ்ஸின் சில்லு நட்டுகளை இறுக்கிய கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. ஐஎஸ்ஓ 6789 என்ற நியமம் கையால் பாவிக்கும் டோர்க் ரெஞ்ச்சுக்குப் பன்னிரண்டு மாதம் அல்லது ஐயாயிரம் இழுப்பு என்று தவணை சொல்கிறது. எங்கள் கராஜ்களில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு: பழைய பிரித்தானிய இயந்திரத்தின் கைநூல் அடி இறாத்தலில் பேசும், ஜப்பானிய வாகனத்தினது கிலோகிராம் மீற்றரில், புதியது நியூற்றன் மீற்றரில். அடி இறாத்தலை 1.36ஆல் பெருக்க வேண்டும், கிலோகிராம் மீற்றரை 9.8ஆல். சுவரில் இந்த இரண்டு எண்களையும் பெயின்றால் எழுதி வைப்பதற்குச் செலவு எவ்வளவு ஆகப்போகிறது?

கிளிக் ரெஞ்ச் வாங்கியவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். இறுகிப்போன நட்டைக் கழற்ற அதைப் பாவிக்க வேண்டாம். அதற்குச் சாதாரண ஸ்பனர் இருக்கிறது. வேலை முடிந்ததும் கைப்பிடியைத் திருகி, அதன் அளவுகோட்டில் உள்ள மிகக் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். இறுக்கத்திலேயே மாதக்கணக்கில் கிடந்த வில் தளர்ந்துபோகும். தளர்ந்த வில்லும் கிளிக் என்றுதான் சொல்லும்.